கரையோரத் தேர்தலும் பிரச்சார அறமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையோர ஊர்களில் பல தேர்தல்களுக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். மை வைக்க நீளும் விரலைப் பார்த்தே இது வலை இழுக்கும் கை, இது பாசி எடுக்கும் கை என்று சொல்லிவிடுவேன். இப்போது தேர்தல் தேதி அறிவித்தால் போதும், சந்தேகம் கேட்க என் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். மீனவர், வியாபாரி, சுய உதவிக் குழுப் பெண்கள், கொடி கட்டிய பைக்கில் வரும் பையன்கள் என்று எல்லோரும் உண்டு. கேட்டதையே கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். கட்சி பார்த்து எழுதவில்லை. எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் ஓரிடத்திலாவது முகம் சுளிப்பார்.

தேர்தல் நடத்தை விதிகள் என்பது சட்டமா, வெறும் அறிவுரையா?

தனிச் சட்டம் அல்ல. 1960 கேரளச் சட்டமன்றத் தேர்தலின்போது ஒப்புக்கொள்ளப்பட்ட ஏற்பாடாகத் தொடங்கி, பின்னர் தேர்தல் ஆணையத்தால் நாடு முழுவதற்கும் வந்தது. தேதி அறிவித்ததுமே அமலாகிவிடும். ஆனால் அதில் சொல்லியிருப்பவற்றில் பலவும் வேறு சட்டங்களில் குற்றங்களாகவே இருக்கின்றன. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவைத்தான் முதலில் படிக்க வேண்டும். லஞ்சம், மிரட்டல், சாதி மதம் சொல்லி ஓட்டுக் கேட்பது, வேட்பாளரின் சொந்த வாழ்க்கை பற்றிப் பொய் பரப்புவது, வரம்பு மீறிய செலவு எல்லாம் அதில் வருகின்றன. வழக்கில் நிரூபணமானால் வென்ற தேர்தல் செல்லாது. ஆறு ஆண்டுகள் வரை தகுதிநீக்கமும் உண்டு.

பணம் வாங்கிவிட்டேன். கற்பூரத்தின் மேல் சத்தியமும் செய்துவிட்டேன். அவருக்குத்தான் போட வேண்டுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்கும்போது எல்லோருமே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

ஒரு தேர்தலில், கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் இருந்த என் சாவடிக்கு ஒரு பாட்டி வந்தார். மை வைத்தாயிற்று, கையெழுத்துக்குப் பதில் ரேகையும் வைத்தாயிற்று. மறைப்புக்குள் போகாமல் என் மேசையருகே நின்றுவிட்டார். "சார், தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். மாற்றி அமுக்கினால் ஏதாவது ஆகிவிடுமா? பேரன் கடலில் இருக்கிறான்" என்றார். அந்த நாற்காலியில் இருப்பவன் யாருக்குப் போடு, போடாதே என்று எதுவும் பேசக் கூடாது. கட்சி முகவர்கள் நான்கு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உள்ளே நீங்கள் ஒருத்தர் மட்டும்தான் ஆத்தா, வேறு யாரும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். உள்ளே போனார். இயந்திரத்தின் 'பீப்' ஒலி கேட்க வெகுநேரம் ஆனது. வரிசையில் சலசலப்பு எழுந்தது. யாருக்குப் போட்டார் என்பது அவருக்கும் அந்தப் பெட்டிக்கும்தான் தெரியும்.

அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். அந்தச் சத்தியம் யாரையும் கட்டாது. ஓட்டை மாற்றினால் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்று வாக்காளரை நம்பவைப்பது 123ஆவது பிரிவின் கீழ் 'தகாத செல்வாக்கு', அதாவது தேர்தலையே ரத்துசெய்யக்கூடிய முறைகேடு. வாங்கியதும் தவறுதான், அதை மறைக்க மாட்டேன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173ஆவது பிரிவுகளின்படி ஓட்டுக்காகக் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள், ஓராண்டு வரை சிறை. ஆனால் ஒரு தவறைச் செய்ததற்காக அதோடு ஓட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. யாருக்குப் போட்டோம் என்று காட்டும் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். அதை யாரும் வெளியே கொண்டுபோக முடியாது.

பணம் கொடுத்தால் ஆணையம் சும்மா இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தமிழ்நாட்டில்தான் வரிசையாகத் தேர்தல் நின்றிருக்கிறது. நமக்குப் பெருமை இல்லாத பட்டியல்.

ஆரத்தித் தட்டில் வேட்பாளர் போடுவது மரியாதைதானே?

பத்து ரூபாய் போட்டால் மரியாதை என்று வாதிடலாம். முப்பது பெண்களை நிறுத்தி, தட்டுக்கு இவ்வளவு என்று முதல்நாளே பேசிவிட்டு வந்து போடுவதற்கு வேறு பெயர். அவர் போகும்வரை வெயிலில் காத்து நிற்பதும் அந்தப் பெண்கள்தான், வழக்கு வந்தால் சாட்சிக்கு அலைவதும் அவர்கள்தான்.

தடைக்கால நிவாரணம் தேர்தல் நேரத்தில் வருகிறதே, அது லஞ்சம் ஆகாதா?

ஆகாது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். தேர்தலும் பலமுறை ஏப்ரலிலேயே வந்துவிடுகிறது. 2024இல் தடையின் ஐந்தாம் நாள், ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. ஏற்கெனவே நடந்துவரும் திட்டத்தின் பணம் அரசின் கடமை. "என்னால்தான் வந்தது" என்று யாராவது மேடையில் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். தேதி அறிவித்த பிறகு தொகையைக் கூட்டி அறிவித்தால்தான் விதிமீறல்.

மீன் எடுக்கப் பணம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?

நியாயமான புலம்பல். ஏலம் அதிகாலையில் நடக்கிறது, அந்த நேரத்தில் எந்த வங்கி திறந்திருக்கிறது? என் தெரு வியாபாரி ஒருவர், எல்லோருக்கும் அவர் 'காக்கா', அதாவது அண்ணன்தான், ஒரு தேர்தலின்போது சோதனைச் சாவடியில் தொகையைப் பறிகொடுத்துவிட்டு நின்றார். ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி ஓரமாக நிற்க, பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் காகிதம் ஒன்றும் இல்லை. மீன் வியாபாரத்தில் என்றைக்குக் காகிதம் இருந்திருக்கிறது?

தேர்தல் காலத்தில் மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். ரூ. 50,000க்கு மேல் கொண்டுபோனால் வங்கியில் எடுத்த சீட்டு, முந்தைய நாள் ஏலக் கணக்கு நோட்டு, லைசென்ஸ் நகல் ஆகியவை கூடவே இருக்கட்டும். பிடித்துவிட்டால் ரசீது கேட்டு வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தருவதை முடிவுசெய்ய மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இருக்கிறது. வேட்பாளரோடு தொடர்பில்லை, வழக்கும் இல்லை என்றால், வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாட்களுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்பது ஆணையத்தின் உத்தரவு. காக்காவுக்குப் பணம் திரும்பி வந்தது, அன்றைய மீன்தான் கெட்டுப்போனது.

கச்சத்தீவை மீட்போம், எல்லை தாண்டி மீன்பிடிக்கும் உரிமை வாங்கித் தருவோம் என்கிறார்கள். வாக்குறுதி கொடுப்பதில் என்ன அறக்கேடு?

இந்தக் கரையில் பணத்தைவிடப் பெரிய முறைகேடு இதுதான் என்பது என் கருத்து. ஒப்புக்கொள்ளாதவர்கள் திண்ணைக்கு வந்து சண்டை போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள்.

வேட்பாளர் எதைத் தருவதாகச் சொல்கிறாரோ அது அவர் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரசமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆவது பதிவு. மாநிலக் கடற்பரப்புக்கு அப்பால், அதாவது 12 கடல் மைலுக்கு வெளியே நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலின் 57ஆவது பதிவு. வெளிநாட்டு ஒப்பந்தம் முழுக்க ஒன்றிய அரசின் வேலை. 285 ஏக்கர் கொண்ட கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தால் இலங்கைப் பக்கம் போனது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்பது 1976இல் உறுதியானது. இரண்டும் டெல்லியும் கொழும்பும் செய்துகொண்டவை. சட்டமன்றம் தீர்மானம் போடலாம், 2025 ஏப்ரலிலும் போட்டிருக்கிறது. தீர்மானம் கோரிக்கைதான், அதற்கு மேல் அதற்கு வலு இல்லை. இதைத் தெரிந்துகொண்டே ஒரு சட்டமன்ற வேட்பாளர் "நான் வென்றால் ஆறே மாதத்தில்" என்று பாம்பனில் மைக் பிடித்துச் சொன்னால், நம்பி ஏமாறுவது யார்?

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் இரண்டு தரப்புக்குமே பிடிக்காது. விசைப்படகுத் துறைமுகத்தில் பேசும்போது "இழுவைமடி (கடலடியை அரித்து இழுக்கும் வலை) உங்கள் உரிமை" என்கிறார்கள். அதே மாலை பத்து மைல் தள்ளி நாட்டுப்படகு ஊரில் "இழுவைமடியை ஒழிப்போம்" என்கிறார்கள். ஒரே வேட்பாளரின் இரண்டு பேச்சையும் ஒரே நாளில் நானே கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் கொள்கை மாறிவிட்டது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது, அது நாட்டுப்படகுக்காரர்களின் இடம். இலங்கை 2017இல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இந்த இரண்டையும் ராமேஸ்வரம் மேடையில் சொல்லி ஓட்டுக் கேட்ட வேட்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதனால் வாக்குறுதி கேட்கும்போது கைக்கு எட்டுவதைக் கேளுங்கள். மூன்று மைல் எல்லையை அமல்படுத்துவீர்களா? துறைமுகத்தைத் தூர்வாருவீர்களா? மானிய டீசலை நேரத்துக்குத் தருவீர்களா? இழுவைமடியை விட்டு ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவனுக்குக் கடன் எப்படிக் கிடைக்கும்? இவற்றுக்குக் கைதட்டல் வராது என்பதால் வேட்பாளர்கள் நழுவுவார்கள். விடாமல் கேளுங்கள்.

அப்படியானால் டிவி, மிக்ஸி தருவோம் என்பதும் லஞ்சம்தானே?

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. நம் மாநிலத்து இலவச டிவி, மிக்ஸி, கிரைண்டர் வழக்கில் வந்த தீர்ப்புதான் அது. தேர்தல் அறிக்கையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் வாக்குறுதி 123ஆவது பிரிவில் வராது, ஆனால் அதற்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்று ஆணையத்துக்குச் சொன்னார்கள். ஆணையமும் வகுத்தது. பணம் எங்கிருந்து வரும் என்பதை ஓரளவாவது அறிக்கையில் காட்ட வேண்டும். காட்டுவது அபூர்வம்.

ஊர்க் கூட்டம் போட்டு ஒரே கட்சிக்குப் போட முடிவு செய்தார்கள். மாற்றிப் போட்டால் அபராதம் என்கிறார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டுமா?

கூடிப் பேசுவது தவறல்ல. ரோடு இல்லாத ஊர், ஐஸ் ஆலை கேட்கும் ஊர், தன் ஓட்டுகளைச் சேர்த்து வைத்துப் பேரம் பேசினால் அதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். சின்ன ஊருக்கு வேறு பலம் ஏது? ஆனால் 'அபராதம்', 'தள்ளிவைப்பு', 'கடலுக்கு விட மாட்டோம்' என்ற சொல் ஒன்று வந்த நிமிடமே அது குற்றம். ஊர்த் தலைவரையும் அது விடாது, அவரைத் தூண்டிய வேட்பாளரையும் விடாது.

இதைவிட நுட்பமான ஒன்று கடன். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தான் மீனைப் போட வேண்டும் என்பது இங்கே எழுதாத வழக்கம். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு அவர் வீட்டுக்கு வருகிறார். காபி குடிக்கிறார். குழந்தைகளின் படிப்பை விசாரிக்கிறார். எழும்போது, "நம்ம ஆள் நிற்கிறார், ஞாபகம் இருக்கிறதல்லவா" என்கிறார். மிரட்டல் என்று நீதிமன்றத்தில் எதைக் காட்டுவது? கடனுக்குப் பிணை மீன்தான், ஓட்டு அல்ல என்பதை வியாபாரிகளிடமே நேரடியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மட்டும் வெட்கப்பட்டார்.

இதற்கெல்லாம் இடம் கொடுப்பது எண்ணிக்கை முறை. ரகசிய வாக்கு என்கிறோம். ஆனால் கரையோரத்தில் பல ஊர்களுக்கு ஊருக்கொரு சாவடி. வாக்குகளைச் சாவடிவாரியாக எண்ணி வெளியிடுகிறார்கள். தனி மனிதர் யாருக்குப் போட்டார் என்று தெரியாது, ஊர் யாருக்குப் போட்டது என்பது அன்று மதியமே தெரிந்துவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண 59ஏ என்ற விதி இருந்தது. இயந்திரங்களிலும் அப்படிச் சேர்த்து எண்ணும் கருவி வேண்டும் என்று ஆணையம் 2008லேயே கேட்டது. இன்னும் வரவில்லை. முகவர்களை வைத்துக் கணக்குப் பார்க்கும் கட்சிகளுக்கு அவசரம் இல்லை போலிருக்கிறது.

கோயில், பள்ளிவாசல், தேவாலயத்தில் வைத்து ஓட்டுக் கேட்கலாமா?

கூடாது. வேட்பாளர் கும்பிடலாம், தொழலாம், திருப்பலியில் உட்காரலாம். அங்கே மைக் பிடிக்கக் கூடாது. ஏர்வாடி தர்காவுக்கும் தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கும் ஓரியூருக்கும் ஒரே நாளில் போய்வரும் வேட்பாளர்களை நாம் வருடக்கணக்காகப் பார்க்கிறோம், அதில் தவறில்லை. "நம் சமுதாயத்து ஆளுக்குப் போடுங்கள்" என்று சொன்னால்தான் சிக்கல். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தையும் சாதியையும் சொல்லிக் கேட்பதும் முறைகேடு என்று 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் சொன்னது.

ஒரே பெயரில் பலரை நிறுத்துவது தந்திரமா, மோசடியா?

2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு சிலரும் மனுத்தாக்கல் செய்தார்கள். ஏணிச் சின்னத்தில் நின்ற நவாஸ்கனி வென்றார். பெயர் ஒன்றுதான் என்பதற்காக யாரையும் தடுக்க முடியாது. அதே ஆண்டு மே மாதம் இப்படி ஒரு மனு போனபோது உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. தாய் தகப்பன் வைத்த பெயருக்குப் பிள்ளை என்ன செய்யும்?

சட்டம் அவ்வளவுதான். அறம் வேறு. டெபாசிட் கட்ட வழியில்லாதவரைக் காரில் ஏற்றிக் கலெக்டர் அலுவலகத்தில் இறக்குவது, படிக்கத் தெரியாத வாக்காளரை மனத்தில் வைத்துப் பின்னும் வலை. 2015 முதல் இயந்திரத்தில் வேட்பாளரின் படமும் வருகிறது. வீட்டில் கண் மங்கிய பெரியவர்கள் இருந்தால் பெயரைவிடப் படத்தையும் வரிசை எண்ணையும் சொல்லிக் கொடுங்கள்.

சிறையிலிருக்கும் மீனவர் வீட்டுக்கு வேட்பாளர் போவது நல்ல காரியம்தானே?

கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கணவர் அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு, ஒரு பிரச்சாரக் கூட்டம் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மனு எழுதித் தரக் கூப்பிட்டிருந்தார்கள். வேட்பாளர் திண்ணையில் உட்கார்ந்தார், நல்லபடியாகத்தான் பேசினார். பிறகு கூட வந்த பையன், "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம், வெளிச்சத்தில் நில்லுங்கள்" என்றான். மனுவைக் கொடுப்பதுபோல் ஒருமுறை எடுத்தார்கள். பின்னால் கொடி வரவில்லையாம், இரண்டாம் முறை எடுத்தார்கள். மூன்றாம் முறை கொடுக்கச் சொன்னபோது அந்தப் பெண் மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். வெளியே வரவே இல்லை. சின்னப் பிள்ளை மட்டும் வாசலில் நின்றது. அதையாவது எடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். பிரச்சாரத்தில் குழந்தைகளை எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்பது ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று. அன்று எனக்கு விதி நினைவுக்கு வரவில்லை, கோபம்தான் வந்தது.

ஒலிபெருக்கிக்கு நேரம் உண்டா?

இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. நகரத்துக்கு இது போதும். விடியுமுன் கடலுக்குப் போகிறவன் மாலை ஏழுக்கே படுக்கிறான். அவன் தெருவில் ஒன்பதரைக்குப் பாட்டுப் போடுவது சட்டப்படி சரி. அந்த ஆட்டோவுக்கு அங்கே ஓட்டு விழுமா என்பதைப் பிரச்சார மேலாளர்கள் யோசிக்கட்டும்.

வாக்காளர்களைப் படகில் கூட்டிப்போகலாமா?

வேட்பாளர் ஏற்பாட்டில் இலவசமாகக் கூடாது. சட்டத்தில் வாகனம் என்பதோடு கலத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வாக்காளர்களே காசு போட்டு, இன்ஜின் இல்லாத படகை அமர்த்திக்கொண்டால் விலக்கு உண்டு. துடுப்புப் போடும் வத்தைக்குச் சலுகை, இன்ஜின் வைத்த வள்ளத்துக்கு இல்லை. இதை எழுதியவர் கச்சான் காற்றில் துடுப்புப் போட்டவராக இருக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை நம்பலாமா?

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு வருவதை நம்பாதீர்கள். "நடுக்கடலில் சுட்டுவிட்டார்கள்" என்ற பதிவு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஊர் பெயர் மட்டும் மாறி வருகிறது. பொய்யாகத் தயாரித்த பதிவு தங்கள் பக்கத்தில் வந்தால் தெரிந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சி நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் உத்தரவு வந்தது. நீங்கள் அனுப்பிவிட்டதை யார் நீக்குவது? நடந்திருந்தால் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் முதலில் தெரிந்திருக்கும், அங்கே ஒரு போன் போடுங்கள்.

புகார் எப்படிக் கொடுப்பது? பெயர் வெளியே தெரிந்துவிடுமா?

1950 என்ற எண்ணில் சொல்லலாம். ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியில் பெயர் சொல்லாமலும் படமோ இரண்டு நிமிட வீடியோவோ அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. அங்கேயே அப்போதே எடுத்த படமாக இருக்க வேண்டும், பழைய படத்தை ஏற்றினால் வாங்காது. தேர்தல் முடிந்த பிறகு என்றால் முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும், தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம்.

கரையில் சிக்னல் கிடைக்காத ஊர்களில் செயலியைத் திறந்துவிட்டு மணல்மேட்டில் ஏறி நிற்கிறார்கள். அப்படி நிற்பவரை ஊரே பார்க்கும். அந்த ஊர்க்காரர்கள் 1950க்கே பேசுங்கள், வீட்டுக்குள் இருந்தபடி.